அறுபதாவது படிவம்

ஜூன் 9, திங்கள்

காமயகவுண்டன்பட்டி பாசனச் சங்கத்தில் யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர் என்று இனிமேல் கணினிதான் பிரித்துக் கொடுக்கப்போகிறது. அதற்காக எங்கள் தேனி ஆபீஸ் எடுக்கும் கணக்கெடுப்புக்கு ஒரு கேள்வித்தாள், என் பொறுப்பில். இருபத்திரண்டு கேள்விகள், அறுபது விவசாயிகள், ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கேட்க வேண்டும். "தண்ணீர் போதுமா?" என்று கேட்டால் எவர் போதும் என்பார்? அதை அடித்துவிட்டு, "கடைசியாக எந்த நாள் பாய்ந்தது?" என்று எழுதினேன். மேனேஜருக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்!

ஜூன் 13, வெள்ளி

ஐம்பத்தொன்பது முடிந்தது. மிச்சம் மாயக்காள் என்பவரின் திராட்சைத் தோட்டம் மட்டும். மேட்டில், ஒற்றையடிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நானே நிரப்பினேன். அந்தம்மா பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. இல்லாத ஆளுக்குப் போட்டால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அய்யாத்துரை, வயது 52, கதவு எண் 4/117.

ஜூன் 14, சனி

அறுபதையும் கணினியில் ஏற்றியாயிற்று. மேனேஜர் பாராட்டினார்.

ஜூன் 26, வியாழன்

மாயக்காள் பஸ் பிடித்துத் தேனி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஆத்தா, லிஸ்ட்ல எம்பேரு இல்லையாம்ல? கொடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சு இப்பத்தான் தளிர் வருது. இன்னும் நாலு நாள் தண்ணி இல்லேன்னா அம்புட்டும் கருகிரும். எல்லார்கிட்டயும் கேட்டீகளாம், எங்கிட்ட மட்டும் ஏன் வரல?"

பாவி நான்.

ஜூன் 27, வெள்ளி

சங்கச் செயலாளர் சண்முகராஜிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

"அய்யாத்துரை இல்லாத ஆளா? முந்தாநேத்துக்கூட தண்ணி பாய்ச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனாக!"

நோட்டைக் காட்டினார். நான் டீக்கடையில் போட்ட அதே கையெழுத்து. அறுபதுக்கு மேல் ஆள் சேர்க்கச் சங்கத்துத் தண்ணீர் மோட்டார் தாங்காதாம். அய்யாத்துரையே எழுதிக் கொடுத்தால் மாயக்காளைச் சேர்ப்பார்களாம்.

எவன்கிட்டப் போய் எழுதி வாங்க? நான் எழுதுன ஆளுய்யா அது!

ஜூன் 28, சனி

அந்தத் தெருவில் 4/116 வரைதான் வீடு என்று நினைத்திருந்தேன். அடுத்த வீடு இருந்தது. கதவும் திறந்தே இருந்தது.

"வா ஆத்தா. இப்பவாச்சும் நேர்ல வந்தியே."

இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன் – அய்யாத்துரையின் முகம் எப்படி இருந்தது? ஞாபகமே வரவில்லை. மாயக்காளுக்கு முறையை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"குடுத்துர்றேன். ஆனா எனக்கும் ஒரு எடம் வேணும்ல? ஒன் எடத்தக் குடு."

ஒரு தாளை எடுத்தார். என் இருபத்திரண்டு கேள்விகள். பெயர்? வயது? வேலை? எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்தத் தளிரெல்லாம் கருகுமே. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டுக்கு நடந்தே போனேன். மாயக்காள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன், மாயக்காள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஆபீஸ் கைரேகை மிஷின் என் விரலை எடுக்கவில்லை. நாலு வருஷமாக என் பக்கத்துச் சீட்டில் இருக்கும் ஜெபஷீலா எழுந்து வந்தாள்.

"யாரப் பாக்கணும்க்கா?"

"ஏய், நான் உமாதேவிடி! அது என் சீட்டு!"

"எந்த உமாதேவி? அது அய்யாத்துரை சார் சீட்டு. நாலு வருசமா இங்கனதான இருக்காக. இப்ப ஃபீல்டுக்குப் போயிருக்காக. எம்புட்டுத் தூரமா இருந்தாலும் அவுக நேர்ல போய்த்தான் கேப்பாக."