நாற்காலியை நீயே தூக்கி வந்தாய்

அக்கா, இன்று காலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கேன்டீனில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் நம்மைப் போல ஒரு பழங்குடிப் பெண் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். உறுதிமொழி வாசித்து முடித்ததும் பழைய ஜனாதிபதி தன் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள, அந்தம்மா போய் அதில் உட்கார்ந்தார். எனக்கு உடனே உன் நீல பிளாஸ்டிக் நாற்காலிதான் கண்ணில் வந்து நின்றது. நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா? பாவி, அதற்குள் உனக்கு என்ன அவசரம்?

சத்தியவேடு பக்கம் நம் ஊரில் சர்பஞ்ச் என்கிற ஊராட்சித் தலைவர் பதவியைப் பழங்குடிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியபோது, ஊரையே ஆட்டிவைக்கிற பெரிய வீட்டுக்காரர்தான் உன்னைத் தேடிப்பிடித்துத் தேர்தலில் நிற்க வைத்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள், வாய் பேச மாட்டாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று அவர் நினைப்பு. உன்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சூளை மேஸ்திரியையே ஓட ஓட விரட்டியவள் நீ.

முதல் கூட்டத்துக்கு வார்டு மெம்பராக நானும் உன்கூட வந்தேன். பஞ்சாயத்து ஆபீஸில் சர்பஞ்ச் நாற்காலியைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார் பெரிய வீட்டுக்காரர். அவர் மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உனக்குத் தரையில் பாய் விரித்திருந்தது. நீ வெளியே போனாய். போச்சு, அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். தலையில் உங்கள் வீட்டு நீல நாற்காலி. ஊர்த்தெரு நடுவே, அத்தனை பேரும் பார்க்க நடந்து வந்தாய். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய்.

“ஊரு ஓட்டுப் போட்டு என்னெ குந்தச் சொல்லிக்கீது. கூட்டத்தெ ஆரம்பிங்க,” என்றாய்.

செக்ரட்டரி மினிட்ஸ் புத்தகத்தை உன் முன்னால் நகர்த்தினார். அன்றைய முதல் தீர்மானமே நம் காலனிக்குத் தண்ணீர்க் குழாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும் வழியில்தான் சொன்னாய், அந்த நாற்காலியில் ஒரு கால் விரிசல் விட்டிருந்ததாம். கூட்டம் முடியும்வரை ஒருபக்கமாகச் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“சிரிக்காதடி. எனக்குக் காலெல்லாம் ஒதறிக்கினுதான் இருந்துச்சு. அதுக்காவ எழுந்துட முடியுமா?” என்றாய்.

அதற்குப் பிறகு உனக்குப் பாய் விரிக்க யாரும் துணியவில்லை. காய்ச்சலில் நீ போனபோது ஊர்த்தெருக்காரர்களும் நம் காலனிக்கு வந்து நின்றார்கள்.

இன்று நான் டீ கேனை வைத்துவிட்டு, இன்ஜினியர்கள் உட்காரும் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்கள் அங்கே உட்காருவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது, அப்படியே பழகிவிட்டது. சூப்பர்வைசர் முறைத்தார். எனக்கும் கால் நடுங்கத்தான் செய்தது, அக்கா. ஆனாலும் எழவில்லை. கடைசியில் டிவியில் தேசிய கீதம் ஒலித்தபோதுதான் எழுந்தேன். அப்போது சூப்பர்வைசரும் எழுந்து நின்றார்.