ராசம்மாவுக்கு வழி விடு

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கும் ஹோட்டலில் தொப்பி மாட்டிக்கொண்டு இங்கிலிஷ் கண்ட்ரி பாட்டுதான். ஏழு வருசமாக அதே பாட்டு, அதே தொப்பி. முன் மேசைக்காரர் ஒருவர், "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுப் பாடுங்க மிஸ்" என்றார். "சிரிக்கிறதுக்கு வேற ஆள் இருக்கு, கூப்பிடவா?" என்றேன். மனேஜர் பின்னால் கூப்பிட்டு ஏசினார். ஏசட்டும். அடுத்த மாதம் ஹட்டனில் என் முதல் ஆல்பம் வருகிறது. எட்டுப் பாட்டு. நடை கண்ட்ரி, பேச்சு நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் தமிழ். ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது அம்மாவைப் பற்றி. அதுதான் படிய மாட்டேன் என்கிறது.

ஜூன் 13, வியாழன்

நுவரெலியாவில் றொனால்ட் வீட்டுப் பின்னறைதான் எங்கள் ஸ்டூடியோ. கிட்டாரும் அவர்தான். தாளத்துக்கு மெஷின் போடலாம் என்றார். எங்க அம்மாவுக்கு மெஷினா? அப்பாவைத் தப்பு மேளத்தோடு லிந்துலையிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனேன். திருவிழா அடி அடித்தார், கல்யாண அடி அடித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் நானே மேசையில் தட்டிக் காட்டினேன். மெதுவாக, மலை இறங்குகிற நடை. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அது பாடைக்கு முன்னால அடிக்கிற அடி, புள்ள. ஆளு சாவாம அத அடிக்கக் கூடாது."

"கேக்குறவனுக்கு அது தெரியவா போகுது? அடிங்கப்பா."

செருப்பைக் கழற்றினார். தப்பைத் தொட்டுக் கும்பிட்டார். அடித்தார். அம்மா பேரைப் போட்டு நான் பாடினேன்: "வழிய விடு, வழிய விடு, ராசம்மா எறங்குறா." ஒரே டேக்கில் முடிந்தது. றொனால்ட் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, இன்னொரு டேக் வேண்டாம் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அப்பா தப்பைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 17, திங்கள்

அம்மா கொழுந்து எடுக்கிற இடத்தில் விழுந்துட்டா. நுவரெலியா ஆஸ்பத்திரி. இருதயம் வீங்கிப் போயிருக்காம். நாலு நாள்தான் ஆச்சு அந்த அடி அடிச்சு. நாலே நாள்.

ஜூன் 18

லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா சித்தப்பாவிடம் சொல்லியிருப்பார். பைப்படியில் எல்லாருக்கும் முன்னால் பக்கத்து வீட்டு வினோதா அக்கா கேட்டாள்: "உசுரோட இருக்கவளுக்கு சாவு மேளம் அடிச்சு வச்சிருக்கியேடி, நீயெல்லாம் ஒரு மகளா?" யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு இரண்டு வைத்திருப்பேன். இன்றைக்கு வாளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 21

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பலையே — அப்போ ஏன் அந்த நாலு நாளையே திரும்பத் திரும்ப எண்ணுறேன்?

ஜூன் 22, சனி

மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எத்தனை வருசத்துக்குப் பிறகு. பாட்ட எடுத்துக்க, அம்மாவ வுட்டுரு. இவ்வளவுதான் கேட்டேன். வாசலில் நின்றே றொனால்டுக்குப் போன் பண்ணி எட்டாவதை அழிக்கச் சொன்னேன். "அதுதானே நிஷாந்தி ஆல்பமே" என்றார். அழிங்கன்னா அழிங்க என்று கத்தினேன். அழித்துவிட்டார். இப்போது என் போனில் இருக்கிற நகல் ஒன்றுதான் மிச்சம். அதை அழிக்க மட்டும் விரல் போகவில்லை. சாமிக்குக்கூட முழுசாகக் கொடுக்கத் தெரியாத கஞ்சப்பிசினாறி நான்.

ஜூன் 27

அம்மா இன்றைக்குப் பேசினாள்.

"எனக்கு என்னமோ பாட்டுப் படிச்சியாமே. போடு."

"அழிச்சாச்சும்மா."

"பொய் சொன்னா ஒனக்கு மூக்கு வெடைக்கும். போடு."

காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அந்த அடி தெரியாதவர்கள் யார்?

"ஒங்கப்பா கையி" என்றாள். பிறகு, "எனக்கு அடிக்கிற அடிய நானே கேட்டுட்டேன். யாருக்குடி கெடைக்கும் இது?"

நான் கிளம்பும்போது, "எம் பேர இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் பயப்படவே இல்லை. நான்தான் ஆஸ்பத்திரிக் கக்கூஸில் போய் அழுதேன்.

ஜூன் 30

அம்மா போய்ட்டா.

ஜூலை 2, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும்.

விடிந்ததிலிருந்து மழை. பாதையில் மண் சரிந்து, அக்கரப்பத்தனையிலிருந்து வர வேண்டிய மேளக்காரர்கள் வர முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் அடிக்கிறவர்கள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும்தான். சொந்த வீட்டுச் சாவுக்கு அவர்களே அடிக்கிற வழக்கம் இல்லை. மேளம் இல்லாமலே தூக்கலாம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தன பேர அடிச்சு அனுப்புனேன். இவள ஊமையாவா அனுப்புறது?"

வினோதா அக்காதான் என்னிடம் வந்தாள். "அந்தப் பாட்டு ஒங்கிட்ட இருக்கா புள்ள?"

ஹோட்டலுக்குக் கொண்டுபோகிற ஸ்பீக்கர் பெட்டியை எடுத்தேன். மழையில் கொழுந்தெடுக்க அம்மா இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்ப் படங்கை அதன்மேல் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தேன். லயத்து முனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை. யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை. வழிய விடு என்று என் குரல் வந்தபோது, குறுகிய பாதையில் நின்றவர்கள் உண்மையாகவே ஒதுங்கினார்கள். பக்கத்தில் அப்பா தன் அடிக்கே கால் வைத்து நடந்தார். குழி வரைக்கும் பதினோரு தடவை போட்டேன். என் ஆல்பத்தை முதலில் கேட்டது இந்தச் சனம்தான்.

ஜூலை 19, வெள்ளி

நாளைக்கு ஹட்டனில் வெளியீடு. போனில் இருந்ததை றொனால்ட் முதல் பாட்டாக வைத்துவிட்டார். கொஞ்சம் கரகரப்பு இருக்கிறதாம். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் வினோதா அக்கா ரொட்டி கொண்டுவந்தாள். போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"எம் பேரப் போட்டும் ஒன்னு படிச்சு வையி புள்ள. இருக்கையிலேயே கேட்டுட்டுப் போயிருறேன்."

உள்ளே அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. அம்மா போனதிலிருந்து தொடாத தப்பை எடுத்துவந்து, அடுப்படியில் உட்கார்ந்து, தோல் இறுக அனலில் காய்ச்ச ஆரம்பித்தார்.