நீலக் குதிரை

என்னவனுக்கு,

நீ காட்டுத்தீ அணைக்கப் போயிருக்கும் முகாமில் போன் எடுக்காது என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகள் நலம். காற்றுதான் நிற்கவேயில்லை.

பிரவுனிங் ஊர்க் கண்காட்சியில் என் ஓவியத்தை மாட்டினேன். டெல்மர் மாமா குடும்பத்துக் கூடாரத்தின் மேல் தீட்டியிருக்கும் அதே நீலக் குதிரை. நம் பழங்குடி வழக்கப்படி, சடங்கு செய்து அவர் உரிமையைக் கைமாற்றித் தராமல் யாரும் அதை வரையக் கூடாது. வரைந்தால் கேடு வீட்டார்மேல் விழும் என்பார்கள். ஓவியக் கல்லூரி முடித்த நான் அதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா வந்து படத்தின் முன் நின்றார்.

"ஏம்மா, எங்க குதிரை உன் லாயத்துக்கு எப்படி வந்துச்சு? அதுவா ஓடி வந்துச்சா, நீ அவுத்துட்டு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கனவில் கிடைத்த உருவத்தை வரைய உரிமை உண்டு. அதனால், "கனவுல வந்துச்சு மாமா" என்று பொய் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "கனவுல குடுக்கிறது பதிலுக்கு ஒண்ணு கேக்குமே. உங்கிட்ட என்ன கேட்டுச்சு?"

படத்தின் சட்டத்தைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். மறுநாள் காலை, உன் முகாம் பக்கம் தீ திரும்பியதாக ரேடியோவில் சொன்னார்கள்.

படத்தை இறக்கிவிட்டேன். நாளை காணிக்கைப் புகையிலையோடு மாமாவிடம் போய் உண்மையைச் சொல்வேன்.

நலம் என்று ஒரு வரி எழுது. அந்தக் குதிரை உன் கனவில் வந்திருந்தால் எழுதாதே. நேரில் வந்து சொல்.

உன் மனைவி