காற்று வாங்கிய பக்டீரியா

திங்கட்கிழமை, இரவு

கொக்கட்டிச்சோலை வயல்களின் நெல் உமியைக் கருக்கினால் வரும் வாயுவைக் கொடுத்தால், என் பக்டீரியாக்கள் அதைத் தின்று எஞ்சினுக்கு ஊற்றக்கூடிய எரிசாராயம் தரும். ஆனால் காற்றுப் பட்டால் செத்துவிடும். மாதக்கணக்காக வளர்த்தேன். இன்று காலை ஆய்வுகூடத்துக்குப் போனால், அவை இருந்த போத்தல் திறந்து கிடக்கிறது.

உதவியாளர் நௌபரைக் கேட்டேன்.

"உசிருள்ள சாமான், கவனமாப் பாருங்க எண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. லீவு முழுக்க மூடியே கிடந்திச்சி. மூச்சு முட்டும் எண்டு துறந்து உட்டன்."

போத்தலுக்கு நேரே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். எதைக் காட்டுவது?

வீட்டுக்குள் ஒரே புழுக்கம். மின்விசிறியைப் போட எனக்குக் கை போகவில்லை.