விடு என்று ஒரே ஒரு தடவை

29 ஜூலை 2025, செவ்வாய்

இடது முழங்கைக்கு மேலே நீலம் பாய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. டிஸ்பாட்ச் மேசையில் பண்டல் பண்டலாக ஆர்டர்கள். கை தூக்கும்போதெல்லாம் சுரீர் என்றது. பக்கத்து மேசை ஐஸ்வர்யா, "என்னடி ஆச்சு?" என்றாள். படியில் இடித்துக்கொண்டேன் என்றேன். நாய் கடித்தது என்றால் ஊசி போடச் சொல்வாள். கடிக்க வைப்பதுதான் என் வேலை என்றால்?

இந்தக் கூத்து தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்லூரியில் கபடி ஆடினேன். பி.காம் முடிந்த அன்றே கபடியும் முடிந்தது. திருத்தங்கல் பிரஸ்ஸில் உட்கார்ந்தே வேலை. உடம்பு துருப்பிடித்துக் கிடந்த சமயத்தில்தான் முதலாளியம்மா ஒருநாள் சிட்டுவோடு ஆபீஸுக்கு வந்தார். சிட்டு என்று பெயர்தான் சின்னது, வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டு. அது என் மேல் பாய, நான் கபடியில் நழுவுவதுபோல் நழுவினேன். முதலாளியம்மா பயப்படவே இல்லை. "ஏ புள்ள, ஞாயித்துக்கெழம சும்மாவா இருக்க?" என்றார்.

அப்படித்தான் ஹெல்பர் ஆனேன். ஹெல்பர் என்றால் களத்தில் வில்லன். கையில் தடித்த கவசம் மாட்டிக்கொண்டு, ஒளிந்து, ஓடி, கூச்சலிட்டு, மெத்தை சுற்றிய குச்சியை ஓங்கி மிரட்ட வேண்டும். நாய் பின்வாங்காமல் வந்து கவசத்தைக் கவ்வ வேண்டும். எஜமான் சொன்னதும் விட வேண்டும். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நூறு மார்க். மூன்றிலும் எழுபது எடுத்தால் நாய்க்கு முதல் பட்டம்.

"நாய்க்குப் பட்டம் குடுக்காகளாம், நீ பி.காம் முடிச்சுட்டு ஹெல்பரா இருக்கியாக்கும்" என்று அம்மா சிரிப்பாள். ஏதோ ஓடுகிறேன், நாய் துரத்துகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். நீலம் தெரியாது.

வரும் ஞாயிறு கோயம்புத்தூரில் சிட்டுவுக்குப் பரீட்சை.


3 ஆகஸ்ட், ஞாயிறு

போச்சு.

மோப்பத்தில் 91. கீழ்ப்படிதலில் 84. காவலிலும் கடைசிக் கட்டம்வரை எல்லாம் சரி. களத்தின் அந்தக் கோடியிலிருந்து சிட்டுவுக்குப் பழக்கமில்லாத ஹெல்பர் கத்திக்கொண்டு ஓடிவந்தான். சிட்டு நேராகப் போய் நடுக்கவசத்தில் விழுந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹெல்பர் அசையாமல் நின்றான். "விடு" என்றார் முதலாளியம்மா. விடவில்லை. நடுவர் கைகாட்ட மறுபடி. விடவில்லை. மூன்றாம் தடவை. அதுதான் கடைசி வாய்ப்பு.

விடவே இல்லை.

தகுதி நீக்கம். முன்னால் வாங்கிய மார்க்கும் கணக்கில் கிடையாது. அத்தனை பேர் பார்க்க, கவசத்தோடு தொங்கிய நாயைக் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பிரித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

 திரும்பும் வழியெல்லாம் முதலாளியம்மா கண்ணைத் துடைப்பது கார்க் கண்ணாடியில் தெரிந்தது. விருதுநகர் வந்ததும், "பசிக்குதா? பரோட்டா சாப்புடுவமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் அழுத முகத்தோடு எண்ணெய் பரோட்டா தின்றோம்.


4 ஆகஸ்ட்

முதலாளி கனகசபாபதி ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நாயி பேச்சக் கேக்கலன்னா வளத்தவளுக்கு வளக்கத் தெரியல." முதலாளியம்மா அங்கே இல்லை. நான் இருந்தேன்.


17 ஆகஸ்ட், ஞாயிறு

ஏன் விடவில்லை? இரண்டு வாரமாக இதே கேள்வி.

அச்சங்குளம் பக்கம் உள்ள எங்கள் கரிசல் மைதானத்தில் மணிகண்டராஜ் அண்ணன்தான் பயிற்சி தருகிறார். எங்கள் நாய்ப் பயிற்சிக் கிளப்பை நடத்துபவரும் அவரே. நாய் பிடிவாதம், பட்டையை இறுக்கிச் சுண்ட வேண்டும் என்றார். முதலாளியம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

இன்று கவசத்தில் சிட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் நாயைப் பார்க்கவில்லை. முதலாளியம்மாவைப் பார்த்தேன். "விடு... விடும்மா... விடேன் தங்கம்..."

அது உத்தரவு இல்லையே! கெஞ்சல். வீட்டில் மனிதர்களிடம் பேசுகிற அதே குரல்.

எப்படிச் சொல்வது? படி அளக்கிற வீட்டம்மா. சொல்லிவிட்டேன். "நீங்க கேக்குறீக. சொல்லலை." முகம் கறுத்துவிட்டது. காரில் ஏறிப் போய்விட்டார்.

நாளைக்கு வேலை இருக்குமா?


18 ஆகஸ்ட்

வேலை இருக்கிறது. மதியம் போன் வந்தது. "ஓவியா, அந்தச் சொல்ல எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடு."


7 செப்டம்பர், ஞாயிறு

நாய் இல்லாமலே பயிற்சி. நான் கவசத்தோடு நிற்க, முதலாளியம்மா எனக்கு உத்தரவு போட வேண்டும். ஒரு தடவை சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் அவருக்கு முடியவில்லை. சொன்னதும் பின்னாலேயே இன்னொன்று வந்துவிடுகிறது. சிரித்துவிடுகிறார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சு. அந்த வீட்ல நான் ஒண்ணச் சொல்லி அது அப்படியே நடந்ததா நெனப்பே இல்ல. நாலு தடவ சொல்லணும், இல்ல அழணும். உக்காருன்னதும் உக்காந்த மொத சீவன் இந்தச் சிட்டுதான்."

 கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். "மறுபடி சொல்லுங்க" என்றேன்.

சிட்டுவுக்கும் வேறு பாடம். விட்டால் உடனே நான் உயிர்பெற்று ஓடுவேன், அவள் மறுபடி கடிக்கலாம். விடாவிட்டால் நான் கல். விட்டால்தான் ஆட்டம் தொடரும் என்று அவளுக்குப் புரிய வேண்டும்.


28 செப்டம்பர்

ஒரே சொல். விட்டாள்!! ஒரே சொல்!

முதலாளியம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் ஓடினேன். சிட்டு பறந்து வந்து கவ்வினாள். மறுபடி ஒரே சொல். மறுபடி விட்டாள்.


20 அக்டோபர், தீபாவளி

தெருவே அதிர்கிறது. முதலாளியம்மா போட்டோ அனுப்பியிருக்கிறார். சிட்டு மல்லாக்கப் படுத்துத் தூங்குகிறாள்.


23 நவம்பர், ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மழையில் மைதானம் முழுக்கக் கரிசல் சகதி. ஷூவில் அப்பிக்கொண்டு கால் தூக்க முடியவில்லை. வழுக்கி விழுந்து, நனைந்து வந்து, சட்டை மாற்றும்போது அம்மா உள்ளே வந்துவிட்டாள். பழைய மஞ்சள், புது நீலம், எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவம். நாய் என்றதும் அதைவிடக் கோபம்.

"நாயி வாயில கையக் குடுக்கவா ஒன்னய பெத்தேன்? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா எந்தக் கையக் காட்டுவ?"

எனக்கும் தாங்கவில்லை. "நீ தெனமும் ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறி வெடிமருந்துக்குள்ள கைய வச்சுட்டு வாரியே, ஒன்னய யாரு கேட்டா? நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் எப்படி இருப்பேன்னு ஒருநாள் கேட்டிருக்கியா நீ?"

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் பொய்யா?

அரை மணி கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தேங்காய் எண்ணெய். கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். "நான் வயித்துப்பாட்டுக்குப் போறேன். நீ எதுக்குடி போற?"

யோசித்தேன். "அங்கன ஓடும்போதுதான்மா நான் நானா இருக்கேன்."

 அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.


14 டிசம்பர், ஞாயிறு

ஜனவரி 25-இல் பரீட்சை எங்கள் மைதானத்திலேயே நடக்கும்! ஜெர்மனியிலிருந்து நடுவர் வருகிறார். பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் நாய்கள் எல்லாம் வருகின்றன. ஹெல்பர்களை முதல்நாள் நடுவரே சோதித்துத் தேர்ந்தெடுப்பாராம். காவல் பிரிவின் முதல் பாதிக்கு ஒருவர், பின்பாதிக்கு ஒருவர். பின்பாதியில்தான் கடைசி ஓட்டம் வருகிறது, நாயும் ஹெல்பரும் எதிரெதிரே முழு வேகத்தில்.

எனக்குப் பின்பாதி வேண்டும். சொன்னதும் விக்னேஷ்குமார் சிரித்தான். ஆறடி ஆள், எங்கள் கிளப்பின் இன்னொரு ஹெல்பர். "ஒன் எடைக்கு அந்தப் பெங்களூர் நாயி ஒன்னயத் தூக்கிட்டு ஊருக்கே போயிரும்."

பார்க்கலாம்லே.


24 ஜனவரி 2026, சனி

எழுத்து கோணுகிறது. சந்தோஷம்தான்.

காலையில் சோதனை. விக்னேஷ் பலமாக நின்றான், ஆனால் நாய் வந்து மோதும்போது கல்லுத்தூண் மாதிரி நின்றுவிடுகிறான். நாயின் கழுத்துக்கு ஆகாது. நான் மோதும் கணத்தில் உடம்பைத் திருப்பி, அந்த வேகத்தைச் சுற்றில் வாங்கி நாயைத் தரையில் இறக்குகிறேன். கபடியில் கற்ற திருப்பம். நடுவர் இன்னொரு நாயை விடச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. பிறகு விரலை நீட்டினார், அவனைப் பார்த்து முன்பாதி, என்னைப் பார்த்துப் பின்பாதி.

விக்னேஷே முதலில் கைதட்டினான். நல்லவன்.

மத்தியானம்தான் வினை. முதலாளி பந்தல் வேலையைப் பார்க்க வந்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு நம்ம சிட்டு வரும்போது கொஞ்சம் பாத்துக்க. ஓட்டத்தக் கொறச்சுக்க, ரொம்ப மெரட்டாத. யாருக்குத் தெரியப்போகுது?"

 திங்கட்கிழமை இவர் ஆபீஸில்தான் உட்கார வேண்டும். "அண்ணாச்சி, எல்லா நாய்க்கும் ஒரே மாதிரிதான் ஓடணும்" என்றேன்.

"அதெல்லாம் சரிதான். கோயம்புத்தூர்ல இருந்து வந்து எங்க வீட்டுக்காரி நாலு நாளு சாப்புடல, தெரியுமா? மறுபடி ஒருக்கா அப்படி ஆச்சுன்னா..."

"விடுங்க."

பின்னாலிருந்து வந்தது. சத்தமே இல்லை. முதலாளியம்மா சிட்டுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி வார்த்தையைப் பாதியில் விட்டார். நிஜமாகவே பாதியில்!

"என் நாயி செயிச்சா தானாச் செயிக்கணும். இந்தப் புள்ள விட்டுக்குடுத்து அது செயிக்க வேண்டாம். ஓவியா, ஒன்னால எம்புட்டு முடியுமோ அம்புட்டும் ஓடு."

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சரி சரி. எல்லாரும் டீ சாப்புட்டீகளா?" என்று பந்தல்காரர்கள் பக்கம் போய்விட்டார்.


25 ஜனவரி, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க?

விடியும்போதே தரிசுக் காட்டில் மோப்பம். வேலிக்கருவை ஓரமாகப் போட்ட காலடித் தடத்தை சிட்டு மண்ணிலிருந்து மூக்கை எடுக்காமல் பின்தொடர்ந்தாள். 88. பிறகு கீழ்ப்படிதல். நடுவில் துப்பாக்கி வேட்டுப் போடுவார்கள். வெளியூர் நாய் ஒன்று திடுக்கிட்டு எஜமான் காலோடு ஒட்டிக்கொண்டது. சிட்டு காதைக்கூட அசைக்கவில்லை. 86.

காவல். என் முறை.

முதல் நாய் பெங்களூரிலிருந்து வந்த மாலினுவா இனம். வந்த வேகத்தில் என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. விழவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. நான்காவது நாய் என்னை ஒற்றைக் காலில் மண்டியிட வைத்தது. எழுந்தேன். தோள் எரிந்தது.

ஐந்தாவது சிட்டு.

நான் மறைப்புக்குப் பின்னால் நின்றேன். என் கையால் பிஸ்கட் தின்னும் பிள்ளை. ஒரு நொடி, ஒரே நொடி, காலைக் கொஞ்சம் மெதுவாக வைத்தால் என்ன என்று தோன்றியது. நடுவர் கையை உயர்த்தினார். வெளியே வந்து, இருக்கிற உயிரையெல்லாம் குரலில் போட்டுக் கத்திக்கொண்டு, குச்சியை ஓங்கியபடி நேராக அவளை நோக்கி ஓடினேன். அன்று ஓடிய ஓட்டங்களிலேயே அதுதான் வேகமான ஓட்டம்.

எதிரே கறுப்பாக ஒரு அம்பு. தயங்கவில்லை. கடைசி இரண்டு பாய்ச்சலில் இன்னும் வேகமெடுத்தாள். மோதியபோது எனக்கு வானம் தெரிந்தது. திரும்பினேன், இறக்கினேன், அவளைத் தள்ளிக்கொண்டே மிரட்டினேன். வாய் நிறையக் கவ்விக்கொண்டு என் கண்ணையே பார்த்தாள். உறுமல் கவசத்தின் வழியாக என் எலும்புவரை வந்தது.

நின்றேன். கல்லானேன்.

 தூரத்தில் முதலாளியம்மா. சிவப்புத் தொப்பி, நேரான தோள். அவசரப்படவில்லை.

"விடு."

வாய் திறந்தது. என் முன்னால் உட்கார்ந்து, அசைந்தால் தொலைந்தாய் என்று பார்த்தாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்பர் அழக் கூடாது! வியர்வை என்று நினைத்திருப்பார்கள். பிறகு வழக்கப்படி நான், நடுவில் சிட்டு, அந்தப் பக்கம் முதலாளியம்மா என்று மூவரும் நடுவரிடம் நடந்து போனோம். முதலாளியம்மா முன்னால் பார்த்தபடியே உதடு அசைக்காமல், "கையி நல்லாருக்கா?" என்றார்.

93!

சிட்டுவுக்குப் பட்டம். நடுவர் சொன்னதை மணிகண்டராஜ் அண்ணன் மைக்கில் தமிழில் சொன்னார். "நாய் ஹெல்பரை நம்பிக் கடிக்கலை, தன்னை நம்பிக் கடிச்சது. ஹெல்பர் ஐந்து நாய்க்கும் ஒரே ஹெல்பராக இருந்தார்." முதலாளி பந்தலில் விசிலடித்தார். பார்த்தவர்கள் சாட்சி.

அம்மா வந்திருந்தாள். வருவதாகச் சொல்லவே இல்லை. கூட வேலை பார்க்கும் நாலு பேரோடு பந்தலின் கடைசி வரிசையில். கிட்டே வந்து என் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நீ கத்திக்கிட்டு ஓடி வரையில அந்த நாயி பயப்படலையாடி? பெத்த எனக்கே ஈரக்கொலை நடுங்கிருச்சு."

பிறகு கூட வந்தவர்களிடம் திரும்பி, "எம் மகதான்" என்றாள். அவர்களுக்கு அது தெரியாதா என்ன!


26 ஜனவரி

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. மறுபடி எப்போது?


20 பிப்ரவரி, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன். கோயம்புத்தூர் கிளப் பரீட்சைக்கு இரண்டு பாதிக்கும் ஹெல்பராக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிட்டு இதில் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாளி லீவு கொடுத்துவிட்டு, "செயிச்சுட்டு வா" என்றார். ஹெல்பர் செயிக்க மாட்டாள் அண்ணாச்சி, நாய்தான் செயிக்கும் என்றேன். "ரெண்டும் செயிங்க" என்றார்.

கண்டக்டர் என் மடியை அடைத்திருந்த கவசப் பையைத் தட்டினார்.

"என்னம்மா இது, இம்புட்டு பெருசு?"

"கைண்ணே."

"யாரு கை?"

"என் கைதான்."

என்னை ஒருமுறை, பையை ஒருமுறை பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் ஓர இடம். விருதுநகர் தாண்டியாயிற்று. நாளை எனக்காக எட்டு நாய்கள் காத்திருக்கின்றன. பயமாக இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை இப்போதே பிரிக்கலாமா என்றுதான் யோசிக்கிறேன்.