நீ போன பிறகும் வந்த மெசேஜ்

டேய் மச்சான்,

இன்று ஆபீஸ் பீரோவிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்தேன். நம் கம்பெனியில் குளிர் நாட்டுக்கு யார் போனாலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போகும் அதே கோட்டுதான். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்து, நீ வருகிறாயா என்று கதவைப் பார்த்தேன். கீரப்பாளையத்து ஃபிட்டர் ஒருவர் புது மெஷின் பழக மூன்று மாதம் ஜெர்மனி போகிறார்.

விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் எந்த ஆபீசிலும் பார்ப்பார்கள். நீ மட்டும்தான் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவனின் வீட்டுக்கே போவாய். "மொத வாரம் ஜாலியா இருக்கும். மூணாவது வாரம் சோத்த நெனச்சாலே அழுகை வரும். அப்ப எனக்குப் போன் போடு, மேனேஜருக்குப் போடாத" என்பாய். பிறகு வீட்டு ஆட்களை உட்கார வைத்து, உன் கையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவாய். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளின் வியாதி உனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தாலும் "தூங்குறாருப்பா" என்பார்கள். "மறைச்சா, அவன் திரும்பி வந்து யாரைத்தான் நம்புவான்?" என்று சண்டையே போடுவாய்.

இதே மாதிரி மெஷின் பழக ஜெர்மனி போகும் என் முறை வந்தபோது சிதம்பரத்தில் என் வீட்டுக்கும் வந்தாய். "வள்ளலார் சத்தியமா எதையும் மறைக்க மாட்டேன்" என்று அம்மா உன் கையில் அடித்தாள். ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே எனக்கு வீடியோவில் பேசினாய்.

திடீரென்று வீடியோ நின்றது. "இங்க நெட்டு சரியில்ல மச்சான்" என்றாய். நம்பினேன். அம்மாவைக் கேட்டால், "இப்பத்தான் காபி குடிச்சிட்டுப் போறான்" என்பாள். நீ அப்போது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்திருக்கிறாய். கணையத்தில் கட்டி. பார்க்க வந்த அம்மாவிடம், "அவன் வேலைய முடிச்சிட்டு வரட்டும்மா, பாதியில வந்தா பேரு கெட்டுடும்" என்று சொல்லி, அதே கையில் இன்னொரு சத்தியம் வாங்கியிருக்கிறாய். பாவி, உனக்கு எப்படி மனசு வந்தது?

சென்னை ஏர்போர்ட்டில் கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன். உன் தம்பி நின்றிருந்தான். பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றினான். நீ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "அண்ணன் போயிட்டாருண்ணே. கருமாதியும் முடிஞ்சிடுச்சு" என்றான். போனை எடுத்துக் காட்டினேன். விமானம் ஏறும்போதுகூட உன் நம்பரிலிருந்து "நல்லா இருக்கேன் மச்சான், பத்திரமா வா" என்று வந்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணிதான் அனுப்புனாங்க. அவருதான் அப்படிச் சொல்லிட்டுப் போனாரு" என்றான்.

உன் மனைவியை என்னால் கோபிக்க முடியவில்லை. உன்னைக் கோபிக்கிறேன். ஒரு டிக்கெட் போட்டிருந்தால் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த மெஷின் எனக்காகவா காத்துக் கிடந்தது?

சாயங்காலம் கீரப்பாளையம் போய் அந்த ஃபிட்டரின் மனைவியிடம் சத்தியம் கேட்டேன். "அய்யோ, மறைப்பனா சார்?" என்று சட்டென்று கையில் அடித்துக் கொடுத்தார். ஒன்று நடந்தால் இவரும் மறைப்பார் என்று எனக்குத் தெரிந்தது. இதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஊருக்கே சொன்ன நீயே செய்யாததை அவரிடம் எப்படிக் கேட்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கேன்டா" என்றாள். போனை வைத்ததும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நன்றாகத்தான் இருந்தாள். "சொன்னா நம்ப மாட்டியா?" என்று கேட்டாள். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.