முறிவு உண்டு, மினி வரண்டாம்

பாறசாலை,
செவ்வாய்க்கிழமை

பிரியமுள்ள மினிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நிற்கவும் நடக்கவும் முடிகிற, உட்கார மட்டும் முடியாத உன் வீட்டுக்காரன் யோசுவா எழுதுவது.

முதலில் ஒரு பாவ அறிக்கை. கட்டி எடுத்த இடம் முதுகு என்று சொல்லியிருந்தேன். முதுகு இல்லை. அங்கிருந்து ஒரு சாண் கீழே இறங்கி வலது பக்கம் திரும்ப வேண்டும். வீடியோ காலில் பன்னிரண்டு நாளாகப் பட்டாளக்காரனைப் போல நின்றுகொண்டே பேசிய ரகசியம் இதுதான். போனில் சொல்லலாமென்றால், நீ அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேத்தியைக் குளிப்பாட்டுகிறாய். கரூரில் சம்பந்தி வீடு முழுக்கக் கேட்க வேண்டிய இடமா அது? அதனால்தான் உன் அக்கா மகன் ஜெனில் கையில், ஏத்தங்காய் வறுத்த உப்பேரிப் பொட்டலத்தோடு இந்தக் கடிதம்.

உனக்கு அனுப்ப வேண்டியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் என் குற்றம்தான். "முறிவு உண்டு, மினி வரண்டாம்." நம் ஊரில் முறிவு என்றால் காயம்; வெறும் காயம்தான், நீ வர வேண்டாம் என்றேன். கரூரில் முறிந்தால் எலும்பு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தியம்மா உன்னைக் கட்டிப்பிடித்து, "பேத்தி பொறந்த நேரத்துலயா அவருக்கு இந்தப் புத்தி வரணும்" என்று அழுதாராம். மாப்பிள்ளை வக்கீல் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டே விட்டாராம். நீ விளக்கிச் சொன்னாய், அவர்கள் சிரித்தார்கள். ஆனால் சொல்லாமல் வெட்டிக்கொண்டேன் என்று உனக்குக் கோபம் வந்து, ஊருக்கு வரப் பெட்டியை அடுக்கிவிட்டாய் என்று நம் மகள் நீது அழுகிறாள்.

பயப்பட ஒன்றுமில்லை. சோதனைக்கு அனுப்பினார்கள். வெறும் கொழுப்பு. எனக்குக் கொழுப்பு என்று நீ இருபத்தாறு வருஷமாகச் சொல்வதை இப்போது லேபிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

காயத்துக் கட்டை முதல் தடவை நானே கண்ணாடி பார்த்து மாற்றினேன். பிளாஸ்திரி முழுவதும் நல்ல பக்கத்தில் போய் ஒட்டியது. பிறகு அடுத்த வீட்டு மோகனனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நர்ஸ் அவன் பெண்டாட்டி குமாரிதான், ஆனால் எனக்கு வெட்கம். அவள் கதவுக்கு வெளியே நிற்பாள். "சிவப்பு உண்டா? சூடு உண்டா? சலம் வாருதா?" என்று சீழ் வரைக்கும் கேட்பாள். உள்ளேயிருந்து மோகனன், "ஒண்ணும் இல்ல. ஆளு கறுப்புண்ணாலும் இங்க நல்ல வெளுப்பாக்கும்" என்பான். நான் அசைந்தால் என்னிடம், "எலே, அனங்காத நில்லு."

உன் அக்கா ரத்னபாய் மஞ்சளும் தேங்காய் எண்ணெயுமாக வந்து, மீன் கூட்டினால் புண் பழுக்கும் என்று தடை போட்டார். குமாரி விடவில்லை. "மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சோப்பும் வெள்ளமும் போட்டு மெதுவாக் கழுவி, ஒத்தித் துடச்சா மதி, அது போரும். மீனு தின்னட்டு." அன்றே சாளை மீன் வாங்கினேன். கறி உன் கறி மாதிரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க நின்றேன். போதகர் என்மேல் ஆவி இறங்கியதாக எண்ணி, சாட்சி சொல்லக் கூப்பிட்டார். என் பின்னால் நடந்த காரியத்தைச் சபைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "தேவன் எடுத்துப்போட்டார்" என்று மட்டும் சொன்னேன். "ஆமென்" என்றார்கள்.

மினி, பெட்டியைப் பிரித்துவிடு. நீதுவுக்கும் தையல் உண்டு. என்னுடையதைவிடப் பெரியது; ஒரு உயிர் வந்த வழி. அதை நீ பார், என்னுடையதை மோகனன் பார்ப்பான். பிள்ளைக்கு நாற்பது நாள் ஆகட்டும். வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் இல்லை. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்,
யோசுவா

பி.கு.: வந்துவிடுவாய் என்ற பயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தையல் மொத்தம் இரண்டு. அதையும் நேற்றே எடுத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துதான் எழுதினேன்.